அமைதியான இடம்

எனக்கு இரண்டு குரல்கள். ஒன்று வீட்டுக் குரல், இன்னொன்று நூலகக் குரல். ஆரணியில் எங்கள் வீட்டின் நடு அறையில் கணவரின் பட்டுத் தறி. ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் விசைத்தறிகள். சோறு வெந்துவிட்டது என்று சொல்வதற்கே தொண்டையைத் திறந்தாக வேண்டும். கல்யாணமான புதிதில் என்னைப் பார்க்க வந்த அக்கா, நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்துச் சமாதானம் பேச உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது கத்தரிக்காய் விலையைப் பற்றி.

நூலகக் குரல் வேறு. சந்தவாசல் பக்கத்து ஊர் ஒன்றில் நான் ஊர்ப்புற நூலகர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் தானாக இறங்கிவிடும். பேசாதீங்க, மெதுவா, நாற்காலிய இழுக்காதீங்க என்று வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, எனக்கே அந்த அறைக்குள் வாய் முழுதாகத் திறக்காது. இதைப் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வேலை நேரம் காலையில் பாதி, மாலையில் பாதி. நடுவில் மதிய இடைவேளை. அந்த இடைவேளையில் பஸ் பிடித்து ஆரணிக்குப் போய்த் திரும்ப முடியாது. மூடிய நூலகத்துக்குள் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருப்பேன். முன்பெல்லாம் அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. கணவருக்கு இடுப்பு போன பிறகுதான் அந்த மதிய நேரம் முள்ளாகக் குத்த ஆரம்பித்தது. அவருடையது குழித்தறி. குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே விட்டு மிதிக்க வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு எப்படியாவது இறங்கிவிடுவார். ஏறுவதற்கு இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். காலையில் நான் உட்கார வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். மதியம் எதிர்வீட்டு அண்ணன் வந்து தூக்கிவிடுவார். நல்ல மனுஷர். ஆனால் அவருக்கும் தறி இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. எத்தனை நாளைக்கு அவர் கையையே நம்பியிருப்பது?

அந்தச் சமயத்தில்தான் கைப்பேசிக்கு ஆன்லைன் பயிற்சி அறிவிப்பு வந்தது. நூலகப் பணியாளர்கள் குழந்தைகளுக்குக் கதை சொல்வது எப்படி என்று பயிற்சி. வழக்கமாக இந்த மாதிரி அறிவிப்பு வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முந்தைய பயிற்சி ஒன்றில் வாசகரை எப்படிப் புன்னகையுடன் வரவேற்பது என்று, கடைசிவரை ஒருமுறைகூடச் சிரிக்காத ஒருவர் வகுப்பெடுத்தார். ஆனால் இந்த அறிவிப்பின் அடியில் ஒரு வரி இருந்தது. பயிற்சியில் சிறப்பாகச் செய்பவர் ஒருவர், ஆரணி நூலகத்தில் தொடங்கவிருக்கும் குழந்தைகள் பிரிவுக்கு மாற்றுப்பணியில் அனுப்பப்படுவார். அந்த நூலகத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். மதியம் போய் அவரைத் தூக்கிவிட்டு, ஒன்றாகச் சாப்பிட்டு, திரும்ப உட்கார வைத்துவிட்டு வந்துவிடலாம். அந்த வரியைப் படித்த அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததுகூட எனக்குத் தெரியவில்லை.

வகுப்புகள் மதியத்தில் நடந்தன. எங்கள் நூலகத்துக்குள் சிக்னல் கிடைக்காது. பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தடியில்தான் கிடைக்கும். அங்கே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஆட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்கப் பார்க்க, ஒன்று விடாமல் கேட்டேன். எல்லாரும் மைக்கை மியூட்டில் வைக்க வேண்டும், வருகையைத் தட்டச்சு செய்தால் போதும். ‘வணக்கம் மேடம்’ என்று தட்டுவேன். பயிற்சி கொடுத்த அந்த அம்மாள் கெட்டிக்காரி. இனிமேல் நூலகம் கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்க வேண்டும், சிரிப்புச் சத்தம் கேட்கும் இடத்துக்குத்தான் குழந்தைகள் வருவார்கள் என்று சொன்னார். நான் தலையைத் தலையை ஆட்டினேன். கடைசி நாள் வரைக்கும் அந்த வகுப்பில் ஒருவரும் என் குரலைக் கேட்டதில்லை.

கடைசி நாள், ஒவ்வொருவரும் நேரலையில் ஒரு கதை சொல்ல வேண்டும். நான் சொந்தமாக ஒன்று கட்டினேன். சந்தவாசலில் டிக்கெட் எடுக்காமல் பஸ் ஏறிய ஓணான் ஒன்று ஆரணி வரை வந்து சேரும் கதை. கண்டக்டர் கத்துவார், கூடைக்காரம்மா கத்துவாள், ஓணான் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். காலையில் நூல் சுற்றிக்கொண்டே கணவருக்குச் சொல்லிக் காட்டினேன். நான் ‘போலாம் ரைட்’ என்று கண்டக்டர் போலக் கத்தியதில் அவர் தறியில் ஓடும் நாடாவை நிறுத்திப் பிடித்தபடி சிரித்தார். தெருவில் போன கீரைக்காரம்மா நின்று எட்டிப் பார்த்தாள்.

‘அமைதியான, நல்ல சிக்னல் உள்ள இடத்திலிருந்து பேசவும்’ என்று குறிப்பு வந்திருந்தது. கணவர் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நீ இங்கயே பேசு. நான் தறிய நிறுத்திக்கிறேன். பக்கத்துலயும் சொல்லி கொஞ்ச நேரம் மிஷின ஆஃப் பண்ண சொல்றேன்.”

நான் வேண்டாம் என்றேன். கல்யாணப் புடவை ஒன்று தறியில் ஓடிக்கொண்டிருந்தது, கெடு நெருங்கிவிட்டது. எனக்காக இரண்டு வீட்டுத் தறிகள் நிற்பதா? அதோடு, அமைதியான இடம் என்றதும் என் புத்திக்கு எட்டியது ஒரே இடம்தான். அனுமதி வாங்கிக்கொண்டு ஆரணி நூலகத்துக்குப் போனேன். நூலகத்தில் வேலை பார்க்கிறவளுக்கு அதைவிட அமைதியான இடம் எது தெரியும்?

அங்கே வாசிப்பறை நிறைய, அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். மின்விசிறிச் சத்தமும் தாள் திருப்பும் சத்தமும் மட்டும். தனி அறை என்று ஒன்றுமில்லை. அங்கிருந்த நூலகர் என்னைவிட இளையவள். மூலையில் ஒரு மேஜையைத் துடைத்துக் கொடுத்து, அக்கா, நல்லா சத்தமா சொல்லுங்க, இவங்களுக்கு நான் முன்னாடியே சொல்லிட்டேன் என்றாள். பாவம், அவள் தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள்.

எனக்கு முன்னால் பேசியவர் வெம்பாக்கம் பக்கத்துத் தம்பி. வீட்டுக் கூடத்திலிருந்து பேசினார். பின்னால் ஒரு கன்றுக்குட்டி கத்தியது, யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். அவர் அதற்கும் மேலே கத்திக் கதை சொன்னார். கன்றுக்குட்டி கத்தியதைக்கூடக் கதையில் சேர்த்துக்கொண்டார். பயிற்சியாளர் அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இதெல்லாம் ஒரு ஒழுங்கா என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது.

பிறகு என் முறை. மைக்கைத் திறந்தேன். சந்தவாசல் பஸ் நிறுத்தத்தில் ஒரு ஓணான் நின்றது என்று ஆரம்பித்தேன். எனக்கு அது சத்தமாகத்தான் கேட்டது.

“மேடம், கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

கைப்பேசியை வாயருகே கொண்டுபோனேன். திரும்ப ஆரம்பித்தேன். எதிர் மேஜையில் ஒரு பெண் பேனாவைக் கீழே வைத்து நிமிர்ந்து பார்த்தாள். சும்மா பார்த்தாள், அவ்வளவுதான். என் குரல் இன்னும் இறங்கிவிட்டது. கண்டக்டர் வரும் இடம் வந்தது. ‘போலாம் ரைட்’ என்பதை நான் ரகசியம் சொல்வதுபோலச் சொன்னேன். உலகத்தில் எந்த பஸ்ஸும் அந்த ரைட்டுக்கு நகராது. இளைய நூலகர் தூரத்திலிருந்து கையை உயர்த்தி உயர்த்திக் காட்டினாள், இன்னும், இன்னும் என்று. என்னால் முடியவில்லை. வாய் திறந்திருக்கிறது, கதை ஓடுகிறது, சத்தம் வரவில்லை. உங்க மைக்ல ஏதோ பிரச்சனை போல, பரவாயில்லை மேடம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் அம்மாள் அடுத்தவரைக் கூப்பிட்டார். மைக்கில் ஒரு பிரச்சனையும் இல்லை.

அந்த வெம்பாக்கத்துத் தம்பிதான் ஆரணிக்கு வந்தார். தகுதியானவர்தான், அதை நான் மறுக்கவில்லை. இன்னொரு தரம் வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டேன்; அடுத்த குழுவில் பார்க்கலாம் என்றார்கள். எல்லாருக்கும் வந்ததுபோல எனக்கும் கைப்பேசியில் சான்றிதழ் வந்தது. வீட்டில் சொன்னபோது கணவர், போனா போவுது, அதுக்கு இன்னாத்துக்கு பேஜார் ஆவுற என்றார். தறியை நிறுத்துகிறேன் என்று அவர் சொன்னதை அவர் நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தித் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். வீட்டிலேயே பேசியிருந்தால் விசைத்தறிக்கு மேலே தெருவே கேட்கும்படி சொல்லியிருப்பேன். அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் பேச வரும் என்பது அத்தனை வருஷமாக எனக்கே தெரியாமல் போயிற்று.

அடுத்த குழு பற்றிய அறிவிப்புக்குக் காத்திருந்தபோது ஒரு வைகாசி நாள். மாலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே தறிச் சத்தம் கேட்டது. இன்னும் நெய்கிறாரே, கெடு இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய் டீ வைத்தேன். அப்போதுதான் காலையில் மூடி வைத்த சோற்றுத் தட்டு, மூடியபடியே இருப்பதைப் பார்த்தேன்.

நடு அறைக்கு ஓடினேன். எதிர்வீட்டு அண்ணன் வரவில்லையா என்று கேட்டேன். அவர் காலையிலேயே ஜல்தியாக காஞ்சிபுரம் கிளம்பிவிட்டாராம்; சொல்லிவிட்டுப் போக மறந்திருக்கிறார். கைப்பேசி முன்னறையில் சார்ஜில் கிடந்தது. காலையிலிருந்து கொல்லைக்குப் போகக்கூட அவர் குழியை விட்டு ஏறியிருக்க முடியாது.

“கூப்புட்டு பாத்தேன். மிஷின் ஓடிகினு இருந்திச்சி, யாருக்கும் கேக்கல. சும்மா உக்காந்து இன்னா பண்றது? நெய்துகினு இருந்தேன். இன்னிக்கு நெறைய ஓடிச்சி” என்றார்.

நான் குனிந்து அவர் அக்குளில் கை கொடுத்தேன். அவர் உடனே எழவில்லை. மடிக்கும் புடவைக்கும் நடுவே தோள் துண்டை நான்காக மடித்துச் செருகி வைத்திருந்தார். துண்டும் ஈரம், கீழே லுங்கியும் ஈரம். என்னைப் பார்க்காமல் தறியையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“பட்டுல படல. பாத்துகினேன்.”