செல்வியை எடை போட்ட ஸ்ரீரங்கப் பயணம்

ஸ்ரீரங்கத்துக்குக் கைக்குழந்தையோடு போவது எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் அப்படிப் போனது அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதம். எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. கூட வந்தது அண்ணி, அவள் இடுப்பில் செல்வி. செல்விக்கு இரண்டரை வயது, இன்னும் நடக்கவில்லை. அண்ணி அடுத்ததற்கு ஆறு மாதம். வயிற்றில் தங்கியதுமே தாய்ப்பாலை நிறுத்தி, வெறும் கஞ்சித் தண்ணீர்தான் கொடுத்தார்கள். சவலைப் பிள்ளை, ஸ்ரீரங்கத்துத் தாயாரிடம் வேண்டிக்கொண்டால் தேறிவிடும் என்றது வீடு.

உறையூரில் காலை ஏழு மணிக்கு டவுன் பஸ். மெயின்கார்டு கேட்டில் மாறி, காவிரிப் பாலம் தாண்டினால் ஸ்ரீரங்கம். ராஜகோபுரம் அப்போது மொட்டையாகத்தான் நின்றது. தாயார் சந்நிதியில் அண்ணி அழுத அழுகையை என்னால் கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

திரும்பும் வழியில் தாய் சேய் நல நிலையம் ஒன்று இருந்தது. பால் பவுடர் கொடுப்பார்கள் என்று சொல்லி அண்ணியை இழுத்துப் போனேன். குழந்தையைத் தராசில் வைக்கச் சொன்னதும் அண்ணி அவளை இறுக்கிக்கொண்டாள்.

"வேணாங்க. புள்ளைய அளந்தா வளர்த்தி அதோட நின்னுடுமுங்க."

"எடை பாக்காம எப்படிம்மா பால் எழுதறது?" என்றார் நர்சம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிற்பதற்கு இனி என்ன வளர்த்தி இருக்கிறது?

அண்ணி கொஞ்சம் யோசித்தாள். "என்னைய நிறுத்துக்குங்க. அவ என் இடுப்புல இருக்கட்டும்," என்று பெரியவர்கள் மெஷினில் ஏறினாள். பிறகு செல்வியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தனியாக நின்றாள்.

நர்சம்மா முள்ளையே பார்த்தார். "இன்னொரு தடவ புள்ளையோட ஏறுங்கம்மா."

ஏறினாள், இறங்கினாள். மெஷினில் கோளாறு ஒன்றும் இல்லை. அண்ணியும் குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இவ இருந்தாலும் இல்லாட்டியும் முள்ளு அவ்வளவா நகரவே மாட்டேங்குதே, பாப்பா," என்றாள் என்னிடம். பிறகு அவளே செல்வியைக் குழந்தைத் தராசில் கிடத்தினாள்.

பால் பவுடர் கிடைத்தது. பருப்புச் சோறும் முட்டையும் பிசைந்து ஊட்டச் சொன்னார்கள், அண்ணி ஒரு வேளை தவறாமல் ஊட்டினாள். செல்வி தேறினாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். அந்த வயிற்றில் இருந்ததும் பெண்தான்.

போகிறவர்கள் வெயில் ஏறுமுன் சந்நிதி பார்த்துவிடுங்கள். பால் மட்டும் போதாத வயதுக் குழந்தை என்றால் குழைந்த பருப்புச் சோறு கையில் இருக்கட்டும். உங்கள் ஊரில் எடை போடக் கூப்பிட்டால், கண்ணேறு அது இதென்று தயங்காமல் தூக்கிக்கொண்டு போங்கள், இரண்டு வயதுக்குள்ளேயே போங்கள். அதற்கப்புறம் உடம்பு தேறலாம், விட்டுப்போன உயரம் வருவது கஷ்டம்.

எங்கள் வீட்டில் தங்கைக்குப் பத்தாமல் போன பாவாடையைத்தான் அக்கா கட்டிக்கொண்டாள்.