மெத்தையைக் கவிழ்த்துப் பார்ப்பவர்

படகிலிருந்து வரும் மெத்தையின் மேற்புறத்தை முஃபீதா பார்ப்பதில்லை. கவிழ்த்துப் போட்டு, உறையைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்பொஞ்சில் மூக்கை வைத்து ஆழமாக ஒரு முறை மூச்சிழுப்பார். பிறகு கொண்டுவந்தவரை நிமிர்ந்து பார்ப்பார்.

"கடல் உள்ளுக்கு வந்து போயிருக்கு. ஏன் மறைக்கிறீங்க?"

"லேசாத்தான் ராத்தா நனஞ்சது."

"லேசா மூழ்குற போட்டும் இருக்கா?"

யுத்தம் முடிந்தபின் கற்பிட்டிக் களப்புக்குப் பாய்ப்படகுகள் வரத் தொடங்கின. வெள்ளைக்காரர்கள் உலகம் சுற்றி, அலுத்துப்போய் விற்றுவிட்டுப் போனவை. உள்ளே கட்டிலும் குசினியும் உண்டு. சுற்றுலாப் பயணிகளை ஏற்றலாம் என்று உள்ளூர்க்காரர்கள் கூட்டுச் சேர்ந்து வாங்குகிறார்கள். விற்பனைக்கு வரும் படகின் மெத்தைகள் முதலில் போவது கரைத்தீவில் முஃபீதாவின் வீட்டுக்கு. புது உறை போட்டால் விலை ஏறும்.

பன்னிரண்டு வயதில், யுத்தக் காலத்தில், மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர். முகாமில் கிழிந்த தறப்பாள்களைத் தைத்துத்தான் கை பழகியது. தண்ணீர் எந்தத் தையலால் இறங்கும் என்பது அன்றிலிருந்து தெரியும். நீச்சல் தெரியாது. கட்டிவைத்த படகில் ஏறினாலே குமட்டும். தேசிக்காயை முகர்ந்துகொண்டுதான் அளவெடுப்பார். அளவுநாடாவைக் கழுத்தில் போடமாட்டார், மணிக்கட்டில் சுற்றிக்கொள்வார். அறுபது படகுகளுக்கு மெத்தை தைத்திருக்கிறார். அவற்றில் எது நல்லது என்று ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. அவருடைய ஓயாத கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

போன மாதம் ஒரே விலைக்கு இரண்டு படகுகள் நின்றன. ஒன்று பச்சை. முப்பத்தைந்து வயது, ஒடுக்கமானது, தடித்த பைபர். மற்றது வெள்ளை. பதினைந்து வயதுதான், ஃபிரிஜ், ஷவர், ஆறு பேர் படுக்க இடம். வாங்கவிருந்த நால்வரில் ஒருவர் முஃபீதாவின் தம்பி ஜபார். படகை ஓட்டப்போவதும் அவர்தான். நால்வரும் எஞ்ஜினை இயக்கிப் பார்த்தார்கள். பாயை ஏற்றிப் பார்த்தார்கள். ஃபிரிஜ்ஜுக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். வெள்ளைக்கு மனம் சாய்ந்தது.

இரண்டு படகின் மெத்தைகளும் முஃபீதாவின் முற்றத்தில் கிடந்தன. பச்சைப் படகினதில் தேத்தண்ணிக் கறை, மேலே மட்டும். வெள்ளைப் படகினதில் முதுகு சாயும் பக்கமாகத் துரு நிறத்தில் நீளமான கோடுகள். படகில் அந்தக் கோடு வரும் இடத்துக்கு நேர் மேலேதான் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி தளத்தைத் துளைத்துக் கீழே இறங்கி, உட்பலகை ஒன்றில் முடுக்கப்பட்டிருக்கும். துளையால் கசிந்தால் பலகை உக்கும். உக்கிய பலகை ஒரு பெருங்காற்றில் கம்பியை விட்டுவிடும். மரம் ஆட்களின் தலையில் விழும்.

கைபேசியில் தம்பியை ஏசினார். "ராத்தா, ஸ்பொஞ்ச மணந்து பாத்தா போட் வாங்குற?" என்று ஜபார் சிரித்தார். முஃபீதா ஓட்டோ பிடித்து இறங்குதுறைக்குப் போனார்.

தரகருடைய ஆள் நிக்கொலஸ் பத்திரத்தை விரித்து வைத்திருந்தார். "வாங்க அக்கா, மெத்த ரெடியா?"

"மெத்தயில தண்ணிக் கோடு. அது எங்கேர்ந்து வந்த?"

"யாரோ ஜன்னலத் தொறந்து வெச்சிருக்காங்க. மழ."

"ஜன்னல் மழ மேல நனைக்கும். இது செவரால ஒழுகியிருக்கு. கம்பி எறங்குற இடத்த மூடியிருக்கிற தட்டக் கழட்டுங்க, பாப்பம்."

"வாங்கினதுக்குப் பொறகு கழட்டுங்க. இப்ப பெயின்ட் பழுதாகும்."

"பூசின பொய் பழுதாகும்னு சொல்லுங்க."

கூட்டாளிகள் சிரித்தார்கள். "ராத்தா, நாங்க நாலு ஆம்புளயள் பாத்தம்தானே," என்றார் ஜபார். முகம் சிவந்திருந்தது. "மானத்த வாங்காதீங்க. வூட்ட போங்க."

"பாத்தீங்க. ஃபிரிஜ்ஜப் பாத்தீங்க. காத்தடிக்கிற நேரம் ஃபிரிஜ்ஜயா புடிச்சித் தொங்கப்போற?"

ஜபார் பேனையை எடுத்தார்.

முஃபீதா வெள்ளைப் படகில் ஏறினார். உள்ளே இறங்கி, கட்டிலில் முழங்காலூன்றி, கம்பி இறங்கும் இடத்தில் புதுவெள்ளை பூசிய தட்டை நகத்தால் நெம்பினார். அது பசையில்தான் ஒட்டியிருந்தது, கையோடு வந்தது. பின்னால் பலகை கறுத்துப்போயிருந்தது. பையிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்துக் குத்தினார். பாணில் இறங்குவதுபோல் பாதிவரை இறங்கியது. கறுத்த நீர் வழிந்து கட்டிலில் சொட்டியது.

படிவரை இறங்கிவந்த ஜபார், பேனை கையில் இருக்க, அப்படியே நின்றார். அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த நிக்கொலஸ், கத்தரிக்கோலைப் பிடுங்கக் கை நீட்டினார்.

முஃபீதா உள்ளங்கையை வைத்து, கைப்பிடி பலகையில் முட்டும்வரை அதை உள்ளே அழுத்தினார்.