ரெண்டாவது கோடு

இருமலோடு கல்முனையில் நோய் சோதிக்கும் ஒரு தனியார் லெப்புக்குப் போயிருந்தேன். என் மூக்குக்குள் குச்சி விட்டுச் சோதித்தவர், முடிவைச் சொல்லாமல் அந்தச் சின்ன பிளாஸ்டிக் தட்டை என்னிடமே நீட்டினார். "கெம்பஸ் முடிச்ச ஆளெண்டீங்களே தம்பி, பாத்துச் சொல்லுங்க. கோடு ஒண்டா, ரெண்டா?" ஒன்றென்றால் வெறும் தடிமன், இரண்டென்றால் இன்புளுவன்சா. இரண்டு என்றேன். "எனக்கும் அப்பிடித்தான்" என்று நிம்மதியானார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். பட்டம் முதன்முதலில் பயன்பட்டது அங்கேதான்.

என்னைச் சோதித்த அந்த மிஹ்லார் காக்காவுக்குக் கண்ணில் கோளாறில்லை. தெளிவான கோட்டை ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். மங்கலாக விழுந்தால்தான் ஆள் கலங்கிப்போவார். யன்னல் பக்கம் பிடிப்பார், கழுத்தைச் சரிப்பார், ரசீது எழுதும் செலீனாவைக் கூப்பிடுவார், வாசலில் மீன் பெட்டியோடு போகிறவரையும் விடமாட்டார். "உங்கட லெப்ல வோட்டுப் போட்டுத்தானா ரிசல்ட் குடுக்கிற?" என்று கேலி செய்தார் கல்முனைக்குடி முதலாளி ஒருவர்.

போன வெள்ளி உம்மாவின் ரிப்போட் எடுக்கப் போனேன். மிஹ்லார் காக்கா மாஸ்கோடு, கையில் ஒரு சோதனைத் தட்டோடு யன்னலடியில் நின்றார். அன்று காலைதான் ஆஸ்பத்திரியில் அவர் மனைவி ஸம்றாவுக்கு முதல் குழந்தை, பெண். பிள்ளையின் காதில் வாப்பா தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்லவேண்டும். வாப்பாவுக்கோ விடியலிலிருந்து இருமல்.

"என்ட மூக்க நானே குத்திப் பாத்தன். ரெண்டாவது கோடு தெரியுதா?"

தெரிந்தது. தட்டைத் திருப்பினார், தெரியவில்லை.

"இருக்கிற மாதிரி" என்றேன். "இல்லாத மாதிரியும்."

"கோட்ட விடுங்க நானா. இருமுறீங்கதானே" என்றாள் செலீனா. "உங்கட மாமாவச் சொல்லச் சொல்லுங்க."

"அவள் கேக்கிற முதல் சத்தம் தங்கச்சி. வாப்பாட சத்தமா இருக்க வேணாமா?"

"சத்தத்தோட சேத்து மத்ததையும் குடுக்கப் போறீங்களா?"

 மிஹ்லார் காக்கா ஆஸ்பத்திரியில் நின்ற மாமனாருக்குப் போன் எடுத்தார். "நீங்க சொல்லுங்க மாமா. போன வெக்காதீங்க, நானும் கேக்கன்."

மாமனாரின் குரலில் பாங்கு வந்தது. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் மாஸ்குக்குள் இவர் உதடு அசைந்தது. நடுவில் இருமல் வந்துவிட்டது. போனை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தி, தூரப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் திரும்பி இருமினார்.

இப்போது, இருமல் விடும்வரை, நற்பிட்டிமுனையில் ஒரு சிநேகிதனின் கடை மாடியில் தனியே இருக்கிறார். மகளை இன்னும் தூக்கவில்லை.