அக்கரை டீம், இக்கரை டீம்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்றால் என் வீட்டுக்காரருக்கும் என் அண்ணனுக்கும் பந்தாட்டம். பந்து கிடையாது, மைதானம் கிடையாது, ஓட்டமும் கிடையாது. எங்கள் லயத்து வரிசைவீட்டு இஸ்தோப்பில், ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால் இருக்கும் அந்த ஒடுக்கமான தாழ்வாரத்தில், சப்பணம் போட்டு உட்கார்ந்து வாயாலேயே ஆடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு இடுப்பொடிந்து நான் வந்து சேரும்போது ஆட்டம் பாதியில் நிற்கும். அடுப்பு மட்டும் அணைந்தே கிடக்கும்.

அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் சரிவில் எங்கள் தோட்டம். அறுபதுகளில் அங்கே ஒரு பந்தாட்டக் கழகம் இருந்தது. ஃபேக்டரிக்குப் பின்னால் வெட்டி மட்டப்படுத்திய ஒரு துண்டு நிலம்தான் மைதானம். கொஞ்சம் ஓங்கி உதைத்தால் பந்தைப் பெரகலையில் போய்த்தான் பொறுக்க வேண்டும் என்று கேலி செய்வார்கள். வெறுங்காலோடு ஆடியே பதுளை டவுன் டீமை ஒரு தடவை தோற்கடித்தவர்கள். என் வீட்டுக்காரர் வலது விங். அண்ணன் பின்னால் பேக். பந்து அவரைத் தாண்டினால் ஆள் தாண்டாது, ஆள் தாண்டினால் பந்து தாண்டாது என்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் நானும் மேட்டில் நின்று பார்த்திருக்கிறேன். அண்ணனைப் பார்க்கத்தான் போனேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்வது.

அப்புறம் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து பேசி எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. இந்தியாவுக்குப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டவர்கள், பாஸ்போர்ட் வந்ததும் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலுக்காகத் தலைமன்னார்ப் பக்கம் போகிற கோச்சி ரயிலில் ஏறினார்கள். முதலில் இடது விங் போனான். பிறகு நடுவில் ஆடிய ஒரு வீட்டு அண்ணன் தம்பி இருவரும் ஒரே கோச்சியில் போனார்கள். ஆள் சேராமல் கழகம் படுத்துவிட்டது.

இவர்கள் இரண்டு பேரும்தான் விடவில்லை. கழகத்தின் பழைய பெருந்தலைகளை இரண்டு டீமாகப் பிரித்தார்கள். கடல் தாண்டிப் போனவர்கள் அக்கரை டீம். இங்கேயே கிடப்பவர்கள் இக்கரை டீம். அண்ணி வீட்டு ஆட்கள் முக்கால்வாசிப் பேர் நீலகிரிப் பக்கம் போய்விட்டதால் அண்ணன் அக்கரைக்காகப் பேசுவார். என் வீட்டுக்காரர் இக்கரைக்கு. ஆனால் அண்ணன் இங்கே இருக்கிற ஆள், ஆகவே முறைப்படி அவரே இக்கரை டீமின் பேக். தன்னைத் தாண்டித் தன் டீம் எப்படி கோல் போடும் என்று மணிக்கணக்காகத் தானே யோசிப்பார். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி.

"மச்சான், ஒங்க லெப்ட் விங் அங்க கல்லு ஒடைக்கிறானாம். கடுதாசி வந்துச்சு. அவனுக்கு இனிமே காலு ஓடுமா?" என்பார் என் வீட்டுக்காரர்.

"ஒங்காளுக்கு மட்டும் ஓடுதாக்கும்? ஃபேக்டரிப் படி ஏறவே மூச்சு வாங்குது" என்பார் அண்ணன்.

ஆனாலும் அந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் இருபது வயதுதான். யாருக்கும் முட்டி வலிக்காது, யாருக்கும் பசிக்காது.

பெரிய சண்டை கோல்கீப்பருக்காக வந்தது. அவன் மஞ்சள் காமாலையில் செத்துப்போயிருந்தான். எந்த டீமுக்கும் ஆகாது என்றார் அண்ணன். இந்த மண்ணில் புதைத்த ஆள் எங்கே போவான், இக்கரைதான் என்றார் என் வீட்டுக்காரர். அடுத்தது, பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவின் மகன். அவன் தோட்டத்து ஆளே இல்லை, ஆசைக்கு வந்து எங்களோடு சென்டர் ஃபார்வர்டில் ஆடினவன்.

"அவனுக்கு அக்கரையுமில்ல இக்கரையுமில்ல, கடைதான் இருக்கு. எப்பிடி எடுப்பீங்க?" என்றார் அண்ணன்.

"நம்ம பனியன் போட்டான்ல? அது போதும்" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் உள்ளேயிருந்து கத்துவேன். "கோல் போட்டது போதும், கொஞ்சம் வெறகு ஒடைச்சுப் போடுங்க!"

எனக்கு எரிச்சல் விறகுக்காக மட்டுமல்ல. அண்ணனும் இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருந்தார். நாங்கள் இலங்கைக்கு எழுதியிருந்தோம். அப்பா அம்மா காலமான பிறகு தாய்வீடு என்று எனக்கு இருந்தது, அடுத்த லயத்தில் அண்ணனுடைய காம்பரா ஒன்றுதான். அவர் போவாரா, இருப்பாரா? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. கேட்டால், "பாப்போம் தங்கச்சி" என்பார். வருஷக்கணக்காக இதே பதில். கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனேன். சலித்தாலும் பயம் போகவில்லை.

பிறகு மாவும் அரிசியும் கண்ணில் படாத காலம் வந்தது. மரவள்ளிக் கிழங்குக்கே ஆலாய்ப் பறந்தோம். தேத்தண்ணிக்குச் சீனி போட முடியாமல், உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டு குடித்தோம். எங்கள் லயத்திலேயே பாதிக் காம்பராக்கள் பூட்டிக் கிடந்தன. போனவர்கள் அங்கே ராஜவாழ்க்கை வாழ்கிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பேன் நான், அண்ணன் காதில் விழும்படி சத்தமாக.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் மழை. நான் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தேன். வெளியே என் வீட்டுக்காரர் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"ஒங்க டீம்ல முன்னால எல்லாம் புலிதான், ஒத்துக்கிறேன். பின்னால யாரு மச்சான்? காத்து பூந்து போற மாதிரி நாங்க பூந்து போவோம்."

அண்ணன், "பின்னால நான் நிக்கிறேன்" என்றார்.

"அது எப்பிடி? அழாப்பி, ஏமாத்து! நீங்க எங்க டீமு. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

என் வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். முறை, நியாயம், இத்தனை வருஷப் பேச்சு என்று அடுக்கிக்கொண்டே போனார். அண்ணன் தலையைக் குனிந்து கால் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. கிழங்கை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"எப்பண்ணே?"

"பாஸ்போட்டு வந்துருச்சு தங்கச்சி. தீவாளி முடிஞ்சு கெளம்பச் சொல்லிட்டாங்க."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கூடப் பிறந்தவளிடம் நேராகச் சொல்ல வாய் வராமல், ஒரு விளையாட்டில் ஒளிந்துகொண்டு சொல்கிறாரே என்று. "எங்கிட்ட சொல்ல என்னண்ணே கேடு?" என்றேன். "ஒன் மொகத்தப் பாத்துச் சொல்ல முடியல" என்றார். அதற்கு மேல் திட்ட எனக்கும் தெம்பில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, உள்ளே போனேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வந்தார், உட்கார்ந்தார், ஆனால் ஆட்டம் நடக்கவில்லை. பெட்டிக்குப் பூட்டு, பிள்ளைகளின் படம், அம்மி கொண்டுபோகலாமா கூடாதா என்று ஏதேதோ பேசினார்கள். எரிச்சல்பட்டுக்கொண்டிருந்த எனக்கே, ஏதாவது கோல் போடுங்களேன் என்று சொல்லத் தோன்றியது.

அப்புத்தளை ஸ்டேஷனில் பனி இறங்கியிருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. தோட்டமே திரண்டு வந்து ஒருவரையொருவர் கட்டிப் பிடித்து அழுதது. அண்ணி மயங்கியே விழுந்தாள். அண்ணன் மட்டும் கல்லு மாதிரி நின்றார். பெட்டிகளை ஏற்றினார், பிள்ளைகளை ஏற்றினார், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். நான் ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போய்ச் சேந்ததும் கடுதாசி போடுங்கண்ணே" என்றேன். எத்தனையோ சொல்ல நினைத்திருந்தேன், வந்தது அதுதான். அவர் தலையாட்டினார். கண் நனையவில்லை.

என் வீட்டுக்காரர் அதுவரை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். விசில் ஊதியதும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஜன்னலண்டை வந்தார்.

"மச்சான், பேக்குக்கு நான் வேற ஆள் போடல. நாங்க பத்துப் பேராவே ஆடிக்கிறோம்."

"பத்துப் பேரோட ஆடினா தோத்துப் போவீங்க மச்சான்."

"தோத்துட்டுப் போறோம்."

கோச்சி நகர்ந்தது. அப்போதுதான் அண்ணன் ஜன்னல் கம்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.