எழுபத்திரண்டு பைட்

ஆமாம், அதே லூர்துதான். திருவொற்றியூர் ஆபீஸில் என் எதிர் மேஜை. நேற்று காலை போய்விட்டான்... ஹார்ட் அட்டாக். முப்பத்தாறு வயது.

கண்டெய்னர் யார்டுகளின் எடை மேடைகளுக்கு கம்ப்யூட்டர் செய்து கொடுத்த சின்ன கம்பெனி அது. லாரி நம்பரும் எடையும் கேட்டில் சிவப்பு எழுத்தில் எரியும். அந்த போர்டை இயக்க, கம்ப்யூட்டரின் அடிமையமான கெர்னலுக்குள் ஓடிய 'டிரைவர்' என்ற சின்ன புரோகிராம் அவனுடையது. அதற்குத் தகவல் அனுப்பிய புரோகிராம் என்னுடையது.

அவன் மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 0, 1, 63, 64, 65, -1. யார் எந்த புரோகிராம் எழுதினாலும் அதற்கு இத்தனை பைட் அளவுகளில் தகவல் அனுப்பிப் பார்ப்பான்.

"மைனஸ் ஒரு பைட் யாரு அனுப்புவாங்க லூர்து?"

"நம்மள மாதிரி ஆளுங்கதான். வேற எவன் கீறான் இங்க?"

எண்ணூர் யார்டில் மெஷின் வாரம் ஒருமுறை ஹேங்க் ஆகும். உப்புக் காற்று என்றார்கள். கரண்ட் என்றார்கள். கடைசியில், லூர்துவின் டிரைவர் என்றார்கள்.

அதுவரை அளவைப் பார்க்காமல் வந்ததையெல்லாம் உள்ளே எழுதிக்கொண்டிருந்தது அது. அவன் இரண்டு வரி சேர்த்தான். போர்டுக்கு ஒதுக்கிய இடம் அறுபத்துநான்கு பைட்; சரியாக அவ்வளவு இல்லையென்றால் கெர்னல் வாங்காது. எரர் சொல்லித் திருப்பிவிடும்.

மறுநாள் போர்டு எரியவே இல்லை. லாரிகள் மெயின் ரோடு வரை நின்றன.

"ரெண்டு வரிதானேப்பா. எடுத்துடு" என்றார் எம்.டி.

"எடுத்தா ஓடும் சார். இன்னாத்த அழிச்சிகினு ஓடுதுன்னு தெரியாது."

"எடுக்கறியா, கிளம்பறியா?"

டிரைவர் எதையெல்லாம் திருப்பிவிட்டது என்ற லாக் பிரிண்ட்டை அவன் எடுத்துவந்து என் மேஜையில் வைத்தான். என் புரோகிராமின் பெயர். பக்கத்தில் 72.

தேதியையும் காட்டலாமே என்று எட்டு பைட் கூட்டியிருந்தேன். அவனிடம் சொல்லவில்லை. அந்த எட்டு, பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதன்மேல் போய் விழும். பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருக்காது. இருந்த அன்று மெஷின் ஹேங்க்.

"நீயே சொல்லிடு தோஸ்து. நான் சொன்னா போட்டுக் குடுத்த மாதிரி ஆய்டும்."

எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தலையாட்டினேன்.

சொல்லவில்லை.

சாயங்காலம் அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சீட்டு மானிட்டரிலேயே இருந்தது. நான் 72-ஐ 64 ஆக்கினேன். இரண்டு வரியையும் எடுத்துவிட்டதாக எம்.டி.யிடம் சொன்னேன். எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு மெஷின் நிற்கவே இல்லை.

"பார்த்தியாம்மா, அவன் போனான்... பிரச்சினையும் போச்சு" என்றார் எம்.டி.

இரண்டு வருடம் கழித்து கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் லூர்துவைப் பார்த்தேன். வேறு கம்பெனி, கொஞ்சம் தொப்பை. எதுவும் கேட்க மாட்டான் என்று நினைத்தேன்.

"அந்த ரெண்டு வரி இன்னும் கீதா?"

"இருக்கு."

"கில்லாடிதான் நீ."

ரயில் வந்துவிட்டது.

இன்று மூன்று மணிக்கு ராயபுரம் சர்ச்சில் பூசை. பழைய ஆபீஸ்காரர்கள் முடிந்தால் வாருங்கள். போய் வா, லூர்து.

இதை எழுதும் முன் எம்.டி.க்கு போன் செய்தேன். அந்த எழுபத்திரண்டை அனுப்பியது நான்தான் என்றேன்.

"எந்த எழுபத்திரண்டும்மா?"

முதலிலிருந்து சொன்னேன்.