விளக்குப் பெட்டியில் இருந்த நார்மல் மூளை

மங்கையர்க்கரசி டாக்டர் போய்விட்டார் என்று கடலூர் ஸ்கேன் சென்டர் டெக்னீஷியன் குமரேசன் போன் செய்தபோது, நான் சிதம்பரத்தில் என் கிளினிக்கில் பேஷண்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். "யார் சொன்னா? நீ நேர்ல பாத்தியா?" என்று கேட்டேன். "பாத்தேன் சார். மாரடைப்பு" என்றான். கேட்ட பிறகுதான் உறைத்தது, அது அவர் கேட்கிற கேள்வி. நேரில் பார்க்காமல் எதையும் நம்பாத மனுஷி அவர்.

பழகியவர்களுக்கு இது தெரியும். டீயைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். படத்தில் பெயர் இருந்தாலும் பேஷண்டைக் கூப்பிட்டு ஒருமுறை பேர் கேட்பார். "படம் பொய் சொல்லாது டாக்டர். யாரோட படம்னு மாத்திச் சொல்றதுக்குத்தான் ஆள் ஜாஸ்தி" என்பார். நான் அனுப்பும் மறதிக்காரர்களின் எம்.ஆர்.ஐ. படங்களை அவர்தான் பார்ப்பார். நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற சின்னப் பகுதி, ஆள் நன்றாக நடமாடும்போதே சுருங்க ஆரம்பித்துவிடும். அதை முன்கூட்டியே பார்த்துச் சொல்லிவிட்டால் குடும்பம் சுதாரித்துக்கொள்ளும் என்பது எங்கள் நம்பிக்கை.

சுனாமிக்கு மறு வருஷம் அந்த சென்டருக்கு எம்.ஆர்.ஐ. மெஷின் வந்தது. பூஜை முடிந்ததும் சோதனைக்கு யாராவது உள்ளே படுக்க வேண்டும். கம்பெனி ஆள் முன்வந்தார். "அவர் மூள நல்லாருக்குன்னு நமக்கு யார் கேரண்டி?" என்று சொல்லிவிட்டு மங்கையர்க்கரசி டாக்டரே படுத்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். வந்த படத்தில் "நார்மல்" என்று எழுதி, தன் அறையில் படங்களை மாட்டிப் பார்க்கும் விளக்குப் பெட்டியின் ஓரத்தில் செருகினார். அதன் பிறகு வந்த படங்களையெல்லாம் அதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தார். ஊரையே சந்தேகப்பட்டவர் அந்த ஒரு படத்தைச் சந்தேகப்படவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, குறிஞ்சிப்பாடி அம்மா ஒருவரின் மகள் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டாள். "எங்கம்மா சொந்தத் தெருவுலயே வழி தெரியாம நிக்கிறாங்க. ரிப்போர்ட்ல நார்மல்னு எழுதியிருக்காங்க. எத சார் நம்பறது?" படத்தை எடுத்துக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினேன்.

அவர் அதை வாங்கித் தன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். "பாருங்க டாக்டர், அப்படியே என்னுது மாதிரிதான இருக்கு?"

"அதான் மேடம் பயமா இருக்கு" என்றேன்.

என்னைப் பார்த்தார். தன் படத்தைப் பார்த்தார். பிறகு குமரேசனைக் கூப்பிட்டு, "மெஷினப் போடு. நான் படுக்கறேன்" என்றார்.

புதிய படத்தில் அந்த ஹிப்போகாம்பஸ் இன்னும் மெலிந்திருந்தது. சுருக்கத்தின் ஆரம்பம் பழைய படத்திலேயே இருந்திருக்கிறது. சாவியை வைத்த இடம் தெரியாமல், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைச் சில மாதமாகச் சந்தேகப்பட்டு வந்ததை அப்போதுதான் சொன்னார். "மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கணும். எனக்காக அழறதுக்கு அப்புறம் டைம் இருக்கு டாக்டர். என்னப் பக்கத்துல வச்சு எத்தன பேர நார்மல்னு அனுப்பினேனோ, அவுங்கள எல்லாம் கூப்பிடணும்."

கூப்பிட்டார். புதுச்சேரியிலிருந்து இன்னொரு டாக்டரை வரவழைத்து எல்லாப் படங்களையும் மறுபடி பார்க்கவைத்தார். அதன் பிறகு தனியாக எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போடவில்லை. வந்தவர்களில் சிலர் முகத்துக்கு நேரே திட்டினார்கள். நான் குறுக்கே போனபோது தடுத்துவிட்டார். "திட்டட்டும் விடுங்க. நான் மறந்துடுவேன். அவுங்களால முடியுமா?"

காரியம் முடிந்த அன்று அவர் கணவர் அந்தப் பழைய படத்தை என்னிடம் கொடுத்தார். "நார்மல்" என்று எழுதியதன் மேல் டாக்டரே ஒரு கோடு இழுத்திருந்தார். இப்போது அது என் கிளினிக் விளக்குப் பெட்டியின் ஓரத்தில் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் "ஒண்ணுமில்ல, தைரியமா போங்க" என்று சொல்ல வாயெடுக்கும்போது கண் அங்கே போகிறது. வாயை மூடிக்கொண்டு இன்னொரு முறை பேர் கேட்கிறேன்.