மாமனார் ஒட்டிய பக்கங்கள்

ஒரு நாவல் கைக்கு வந்தால் நான் அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் தாள்களைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பேன். எங்காவது ஒரு தாள் மற்றவற்றைவிடத் தடிப்பாக இருக்கிறதா என்று விரல் தேடும். கடையிலிருந்து நேராக வந்த புதுப் புத்தகமானாலும் சரி, இந்தச் சோதனை முடியாமல் முதல் வரிக்குள் போக மாட்டேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் யாரும் என் மாமனாருக்கு மருமகளாக இருந்ததில்லை.

அவரை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. செத்துப்போனவரைக் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். ஏன் சொல்லக் கூடாது? மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குடிக்க மாட்டார், யார் மீதும் கை ஓங்க மாட்டார், பசி என்று வாசலில் நின்றவனுக்கு இலை போடாமல் அனுப்ப மாட்டார். சபையில் அவர் எழுந்து நின்றால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். இத்தனை நல்ல பெயர் இருந்ததால்தான் அவர் எனக்குச் செய்ததை ஒருவரும் தப்பு என்று சொல்லவில்லை. கெட்டவன் செய்திருந்தால் ஊரே காறித் துப்பியிருக்கும்.

நான் பிறந்தது குழித்துறையில். படித்தது நாகர்கோவிலில், ஒரு மிஷன் விடுதிப் பள்ளியில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. விடுதியில் நாவலுக்குத் தடை. தடை போட்டால் சும்மா இருக்கிற வயதா? விடுமுறை முடிந்து வரும்போது யாராவது ஒருத்தி துணிகளுக்கு அடியில் ஒன்றை மறைத்துக் கொண்டுவருவாள். அதன் தையலைப் பிரித்துச் சிறு சிறு கட்டாகக் கழற்றி ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொள்வோம். ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தால் அச்சொட்டாக அடங்கும். ஒரு கட்டைப் படித்தவள் அடுத்தவளுக்குக் கொடுக்க வேண்டும். எந்தக் கட்டு யாருக்கு முதலில் வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். எனக்குப் பல தடவை கொலைகாரன் தூக்கில் தொங்கிய பிறகுதான் கொலை நடந்தது. குழந்தை பிறந்த பிறகு கல்யாணம் ஆனது. அப்படித் தலைகீழாகப் படித்தும் ஒரு வரி குறையவில்லை. எல்லாக் கட்டும் சுற்றி முடிந்ததும் கதை முழுசாகத் தலைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். சாப்பாட்டு மணி அடித்தால்கூடக் காதில் விழாத காலம்.

முப்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை மலைத் தோட்டத்தில் கணக்கர், வருஷத்தில் பாதி நாள் மலையில்தான் என்றார்கள். அதொன்றும் என் மனசில் ஏறவில்லை. "அந்த வீட்டுல ஒரு அலமாரி நெறைய கதைப் பொஸ்தகம் இருக்கு கேட்டியா. மெட்ராசுலேர்ந்து மாசாமாசம் தபால்ல வருது" என்று சம்பந்தம் கொண்டுவந்தவர் சொன்னாரே, அதுதான் ஏறியது. மாப்பிள்ளையை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அந்த அலமாரிக்குத்தான் தலையாட்டினேன்.

அலமாரி பொய்யில்லை. நாகர்கோவிலுக்கு வடக்கே, வயலைப் பார்த்த வீட்டின் முன்னறையில் கூரைக்கட்டை முட்ட நின்றது. துப்பறியும் கதை, குடும்பக் கதை, ராஜா ராணிக் கதை என்று மாமனார் எதையும் விட்டுவைக்கவில்லை. புதுச் சஞ்சிகை வருகிற நாளில் தபால்காரனைத் தெருமுனையிலேயே மடக்கிவிடுவார். சாப்பிட்டுக்கொண்டே படிப்பார், மாமியார் ஊற்றும் குழம்பு இலையைத் தாண்டி ஓடினாலும் தெரியாது. முதல் வாரம் அதைப் பார்த்து, ஐயோ, என் இனத்து மனுஷர் ஒருவர் இந்த வீட்டில் இருக்கிறாரே என்று எனக்குக் கண் நிறைந்துபோனது. முட்டாள்தனம்!

இரண்டாம் வாரம் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளே, கொஞ்சம் மரச்சீனி மாவுப் பசை காய்ச்சித் தா. பூச்சி அரிக்காம இருக்கதுக்குத் துருசு ஒரு நுள்ளு போடு" என்றார். புத்தகத்துக்கு அட்டை போடுகிறார் போலும் என்று நினைத்து, மரவள்ளிக் கிழங்கு மாவைக் கட்டி தட்டாமல் பதமாகக் கிண்டிக் கொடுத்தேன். பிறகுதான் பார்த்தேன். தாம் படித்து முடித்த நாவலை எடுத்து, பென்சிலால் குறித்து வைத்திருந்த பக்கங்களின் மேல் பசையைத் தடவி, எதிரும் புதிருமாகச் சேர்த்து ஒட்டி, மேலே கல்லுரலின் குழவியைத் தூக்கி வைத்தார். காய்ந்தபின் அந்தப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். வீட்டுப் பெண்கள் படிப்பதற்கு லாயக்காக ஆக்கிவிட்டாராம்.

ஒரு தடவை கேட்டேன். "அந்தப் பக்கத்துல என்ன மாமா இருக்கு?"

"அது பெண்ணுவளுக்கு உள்ளது இல்ல பிள்ளே. ஒனக்க நல்லதுக்காக்கும்."

அதற்கு மேல் எந்த மருமகள் கேட்பாள்? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் மாமனார் வாசித்தால் அறிவு, மருமகள் வாசித்தால் அழிவு. மாதாமாதம் பசை காய்ச்சுவது என் வேலையானது. என் கண்ணைக் கட்டும் துணியை நானே துவைத்து மடித்துக் கொடுத்தேன் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

ஒட்டிய பக்கங்களில் என்ன இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன் தெரியுமா? அசிங்கம். வாயால் சொல்லக் கூடாத ஏதோ அசிங்கம். அந்தத் தடித்த தாளில் விரல் படும்போதே எனக்கு முகம் வேர்க்கும். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். படிக்காத பக்கத்துக்காக நான் வெட்கப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முழங்கால் போடும்போது அதற்காக மன்னிப்புக்கூடக் கேட்டிருக்கிறேன். இதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது.

இதைவிடப் பெரிய அநியாயம் மெதுவாக நடந்தது. நாவல்கள் கசக்க ஆரம்பித்தன. ஒரு பக்கத்தில் கதாநாயகி கணவன் காலடியில் அழுதுகொண்டிருப்பாள். தடித்த தாள் ஒன்று புரளும். அடுத்த பக்கத்தில் தனியாக ரயிலில் போய்க்கொண்டிருப்பாள். ஏன் போகிறாள், யார் போகச் சொன்னார்கள், ஒன்றும் விளங்காது. ஒரு கதையில் மாமியார் திடீரென்று மருமகளிடம் பணிந்து பேசுவாள். இன்னொன்றில் அடங்கி ஒடுங்கிக் கிடந்த பெண்ணை எல்லோரும் காரணமில்லாமல் ராட்சசி என்று ஏசுவார்கள். இந்தக் கதைகளில் வரும் பெண்கள் எல்லோரும் கிறுக்கிகள் என்று முடிவு செய்தேன். கொஞ்ச நாளில் அந்தக் கிறுக்கு எனக்குத்தான் என்று தோன்றியது. விடுதியில் தலைகீழாகப் படித்தும் புரிந்த எனக்கு இப்போது நேராகப் படித்தும் புரியவில்லையே, கல்யாணம் ஆனதும் மூளை மழுங்கிவிட்டதா?

வாசிப்பு என்னை விட்டுப் போனது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். அது உள்ளே இறங்காது. புத்தகத்தை மடியில் விரித்துவைத்து முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு விரிப்பதையும் விட்டேன். இரண்டு அறுவடை, மூன்று அறுவடை என்று காலம் போயிற்று. வடசேரிச் சந்தையிலிருந்து கருப்பட்டி சுற்றிவந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்தவள், முன்னறை அலமாரியை விளக்குமாற்றால் தூசி தட்டிவிட்டு முதுகைக் காட்டி நடந்தேன். சோறு இறங்காதவளுக்கு வைத்தியர் இருந்தார். எழுத்து இறங்காதவளுக்கு யார் இருந்தார்கள்? மலையிலிருந்து கிறிஸ்துமசுக்கு வந்த கணவரிடம் சொன்னேன். "அதுக்கென்ன, வேலைக்கு நேரம் கிடைக்கும்லா" என்றார். நல்ல ஆறுதல்!

மாமனாருக்கு என் மாற்றம் பிடித்துப்போயிற்று. "நம்ம பிள்ளைக்குப் பக்குவம் வந்தாச்சு" என்று சபைப் பெரியவர்களிடம் பெருமை பேசினார்.

அந்த வருஷம் மாசி மாதத்துக் கும்பப்பூ அறுவடை முடிந்து முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தோம். அண்டாவைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியது என் முறை. அண்டாவை மூடியிருந்த சாக்கின் ஓரம் நிற்காமல் தூக்கியது. பாரத்துக்கு என்று அலமாரியிலிருந்து தடிமனான ஒரு நாவலை எடுத்து வந்து அதன்மேல் வைத்தேன். படிக்க அல்ல, பாரத்துக்கு! அந்த அளவுக்கு வந்திருந்தது என் நிலைமை. ஆவி கிளம்பி வாய்ப்பக்கம் புஸ்ஸென்று வந்தபோது புத்தகம் நனைகிறதே என்று பதறி எடுத்தேன். நடுவே ஒரு தடித்த தாளின் மூலை இரண்டாகப் பிரிந்து நின்றது. மரச்சீனிப் பசை இளகியிருந்தது. நகத்தை விட்டு மெல்ல இழுத்தேன். வாழைப்பட்டை உரிவது போல் உரிந்து வந்தது.

படித்தேன். அசிங்கம் வரும், வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கணவனின் வீட்டார் கூடியிருக்கும் கூடத்தில் ஒரு பெண் நிற்கிறாள். "என்னைக் கேட்காமல் எடுத்த முடிவுக்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும்?" என்கிறாள். அவ்வளவுதான். அந்த இரண்டு பக்கத்திலும் அவள் பேசுவது தவிர ஒன்றுமில்லை.

ஓடிப்போய் அடுத்த புத்தகத்தை எடுத்துவந்து ஆவியில் காட்டினேன். அதில் ஒரு விதவை, தான் பள்ளிக்கூட வேலைக்குப் போகப் போவதாகத் தன் மாமனாரிடம் சொல்கிறாள். இன்னொன்றில் ஒரு மகள் அப்பாவைப் பார்த்து, "நீங்கள் சொன்னது பொய்" என்கிறாள். பாவி மனுஷர்! நிலா வெளிச்சத்தில் கட்டித் தழுவுகிற இடத்தை அவர் ஒட்டவில்லை. ஜமீன்தார் தாசி வீட்டில் குடித்துப் புரளும் இடத்தை ஒட்டவில்லை. மனைவியின் கழுத்தை நெரித்துக் கிணற்றில் போடும் இடம் பளிச்சென்று திறந்து கிடந்தது. பெண் வாய் திறந்து எதிர்த்துப் பேசிய இடங்களை மட்டும் தேடித் தேடி ஒட்டியிருக்கிறார். நான் கிறுக்கிகள் என்று நினைத்தேனே அந்தப் பெண்கள், அவர்கள் எல்லோருக்கும் காரணம் இருந்தது. அதைத்தான் இந்த மனுஷர் பசை தடவி மறைத்துவைத்தார்.

மாமியார் புழக்கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, நெல்லோட பொஸ்தகத்தையும் சேத்து அவிக்கியா? ஒனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?"

"அவிச்சாத்தானே தொலி கழலும் மாமி" என்றேன்.

"சவத்தத் தூரப் போட்டுட்டு நெல்லக் கிண்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

அந்த அறுவடைக்கு நெல் அவிந்த நாளெல்லாம் புத்தகமும் அவிந்தது. பழைய பசி திரும்பி வந்தது. அலமாரியை முதல் தட்டிலிருந்து மறுபடி படித்தேன். மாமனார் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் அவருக்குக் கண்ணில் புரை விழுந்து, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது என்று சொல்லத் தொடங்கியிருந்தார். கொஞ்ச மாதத்தில் எறும்பும் தெரியாமல் போனது. சஞ்சிகை வரும், மோந்து பார்ப்பார், மடியில் வைத்துத் தடவுவார். ஒருநாள் மத்தியானம் கூப்பிட்டார். "பிள்ளே, கொஞ்சம் வாசிச்சுத் தாயேன்."

வாசித்தேன். தபாலில் வந்த புது நாவல் ஒன்று, பிள்ளை பெறவில்லை என்று ஒரு மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்ப முடிவு செய்கிறார்கள். நாள்தோறும் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அத்தியாயம். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு, வெற்றிலையைக்கூட மெல்லாமல் கேட்பார். அந்த மருமகள் கூடத்துக்கு நடுவில் வந்து நிற்கும் இடம் வந்தது. அவள் வாயைத் திறந்ததுமே மாமனார் கை தூக்கினார்.

"அந்தப் பக்கத்த விடு. அடுத்தத வாசி."

"ஏன் மாமா?"

"அது பெண்ணுவ வாசிக்க எடமில்ல."

எத்தனை வருஷத்துக் கோபமோ! புத்தகத்தை மூடி அவர் மடியில் வைத்தேன். "முழுசாக் கேக்கதுன்னா வாசிக்கேன். இல்லேன்னா இந்தாருக்கு, நீங்களே வாசியுங்க." கண் தெரியாதவரிடம் இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். கண் தெரிந்த என்னை அவர் குருடியாக்கி வைத்திருந்தார்.

வீடு இருண்டுபோய்க் கிடந்தது. மாமனார் என்னைக் கூப்பிடுவதை விட்டார். சபையின் உபதேசியாரை வரவழைத்து வாசிக்கச் சொன்னார். உபதேசியார் இரண்டு வரி வாசித்துவிட்டு, "ஐயாவுக்கு இந்த வயசுல இது தேவையா?" என்று அவர் தலையில் கை வைத்து நெடுநேரம் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அவருடைய நல்லதுக்காக்கும்!

பிறகு ஒரு மத்தியானம், முன்னறையிலிருந்து, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவது போல, குரல் வந்தது. "மக்களே... விட்ட எடத்துலேர்ந்து வாசி."

"எந்த எடம் மாமா?"

புத்தகத்தை என் பக்கம் நீட்டினார். "அவ பேசுக எடம்" என்றார்.

வாசித்தேன். ஒரு எழுத்து விடாமல், நிறுத்தி நிறுத்தி, தெருவில் போகிறவனுக்கும் கேட்கிற மாதிரி. "பிள்ளை பெறாத குறை எனக்கு மட்டும்தானா என்று உங்கள் மகனிடம் கேட்டீர்களா?" என்கிறாள் அவள். மாமனாரின் தாடை இறுகியது. ஆனால் கை தூக்கவில்லை. அத்தியாயம் முடிந்ததும், "பொறவு?" என்றார். அதுதான், அந்த ஒரே சொல். செய்தது தப்பு என்று சொல்லவில்லை, அதற்குப் பின் உயிரோடிருந்த காலத்திலும் சொல்லவில்லை. தமக்குக் கதை வேண்டும், அதனால் இறங்கி வந்தார். இன்றைக்கு நான் இஷ்டத்துக்கு வாங்கிப் படிக்கிறேன். என் புத்தகத்தில் பசை தடவ ஆளில்லை. அந்தக் கோபம் மட்டும் ஆறவில்லை, அதை ஆற்றிக்கொள்ளும் உத்தேசமும் எனக்கு இல்லை.

அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் நிலைப்படியில் மாமியார் நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றாளோ, அகப்பையிலிருந்து கஞ்சி சொட்டித் தரையில் தேங்கியிருந்தது. அவள் தன் புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏட்டி," என்றாள், "அவ சொன்னத இன்னொருக்கா வாசி."